பிரயோஜனத்தைச் சுமந்து வந்தவன்

வேதபகுதி: 2 தீமோத்தேயு 1:15-18, 4:19



"பிள்ளைக்குப் பேர் வைக்கணும், வேதத்திலிருந்து ஒரு நல்ல பேர் சொல்லுங்க பாஸ்டர்" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சாமுவேல், தானியேல், தீமோத்தேயு என்று சொன்னால் சந்தோஷம். ஒநேசிப்போரு என்று சொன்னால், "இப்படியும் ஒரு பேர் பைபிளில் இருக்கா?" என்பார்கள். இருக்கிறது, இரண்டே இடத்தில். வாயில் நுழையாத அந்தப் பேருக்குள் கர்த்தர் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார்.

1. பெயரின் அர்த்தம்

இது கிரேக்கப் பெயர். 'ஒனேசிஸ்' என்றால் பிரயோஜனம், நன்மை. 'பெரோ' என்றால் சுமந்துகொண்டு வருதல். ஆக, பிரயோஜனத்தைச் சுமந்து வருகிறவன் என்று அர்த்தம். கிறிஸ்டோபர் என்ற பேரின் பின்பாதியும் இந்தச் சொல்தான், கிறிஸ்துவைச் சுமக்கிறவன். பிலேமோனின் அடிமையாயிருந்த ஒநேசிமுவின் பேரும் 'ஒனேசிஸ்' வேரிலிருந்து வந்ததே. அதற்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பொருள்.

2. பெயர் மெய்யானது

பவுல் முதல்முறை ரோமாபுரியில் காவலில் இருந்தபோது, வாடகை வீட்டில் 2 வருஷம் தங்கினார். யாரும் போய்ப் பார்க்கலாம் (அப்போஸ்தலர் 28:30). இந்த நிருபத்திலோ பாதகனைப்போல விலங்கிடப்பட்டிருக்கிறார். கி.பி. 64-ல் ரோமாபுரி எரிந்தபின் நீரோ ராயன் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டுக் கொன்றான். அதற்குப் பிந்திய நாட்களில் எழுதப்பட்ட நிருபம் இது என்பது சபைப் பாரம்பரியம். ஆசியா நாட்டார் பவுலை விட்டு விலகினார்கள். பிகெல்லுவும் எர்மொகெனேயும் அதில் அடக்கம்.

எபேசுவில் ஊழியம் செய்த ஒநேசிப்போருவோ ரோமாபுரியில் பவுலைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தான். எபேசுவிலிருந்து அந்த நகரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! விசாரித்த இடமெல்லாம், "நீ அவனுக்கு யார்?" என்று கேட்டிருப்பார்களே! அவன் விலங்கைப் பார்த்து வெட்கப்படவில்லை. அக்காலத்துச் சிறைகளில் கைதிக்குச் சோறும் துணியும் பெரும்பாலும் வெளியே இருக்கிற சொந்தக்காரர், சிநேகிதர் கொண்டுவந்தால்தான் உண்டு. பவுலே குளிர்காலத்துக்கு முன் தன் மேலங்கியைக் கேட்டு எழுதுகிறார்.

ஒநேசிப்போரு தன்னை 'இளைப்பாற்றினான்' என்கிறார் பவுல். அந்தக் கிரேக்க வார்த்தைக்குக் குளிரச்செய்தல், மூச்சுவிட வைத்தல் என்று பொருள். வெயிலில் வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தது போல!

3. நமக்குள்ள பாடம்

தேவனுடைய பிள்ளையே, சபையில் ஒரு வீட்டுப் பையன்மேல் கேஸ் என்று கேள்விப்பட்டதும் அந்த வீட்டுக்குப் போகிற கால்கள் நின்றுபோகிறதே, ஏன்? அந்தத் தாய் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழுந்து போய்விடுகிறாள். ஜெபக்குறிப்பு கொடுக்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"பவுல் குற்றமில்லாதவர், இவன் அப்படியா?" என்பீர்கள். மத்தேயு 25:36-ல் தாம் காவலில் இருந்ததாக ஆண்டவர் சொல்லுகிறார். என்ன வழக்கு என்று சொல்லவில்லை. பார்க்க வந்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தப் பேர் வருகிற இரண்டு இடத்திலும் 'வீட்டார்' என்ற வார்த்தையும் சேர்ந்தே வருகிறது. தகப்பன் சுமந்த சுமைக்கு அவன் வீடே ஜெபத்தைப் பெற்றது.

பிள்ளைக்கு என்ன பேர் வேண்டுமானாலும் வையுங்கள். இந்த வாரம் ஒரு சாப்பாட்டுத் தூக்கோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டாருக்கு இரங்குவார். ஆமென்.