டேட்டா பக்கம் போறியா? முதல்ல வேலையைப் பாரு, அப்புறம் கோர்ஸைப் பாரு

"டேட்டா அனலிடிக்ஸ் படிக்கலாம்னு இருக்கேன், எந்த கோர்ஸ் நல்லதுக்கா?" அக்கவுன்ட்ஸ்ல இருக்கற தங்கச்சியும் இதைத்தான் கேக்குறா, கார்மென்ட்ஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கறவளும் இதைத்தான் கேக்குறா. கோர்ஸை அப்புறம் பாக்கலாம்மா. நௌக்ரி, லிங்க்ட்இன்ல 'டேட்டா அனலிஸ்ட்', 'எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூட்டிவ்'னு தேடி, நீ போய்வரக்கூடிய ஊர்கள்ல வந்திருக்கற இருபது விளம்பரத்தையாவது படி. என்னென்ன கேக்குறாங்கன்னு ஒரு நோட்டுல எழுது. எக்செல், எஸ்.க்யூ.எல்., பவர் பி.ஐ. இல்லேன்னா டேப்லோ, இதெல்லாம் திரும்பத் திரும்ப வரும். மெஷின் லேர்னிங் பெரும்பாலும் டேட்டா சயின்டிஸ்ட் வேலைக்குத்தான். ரெண்டையும் குழப்பிக்கிட்டு, தேவையில்லாத படிப்புக்குப் பணம் கட்டிடாதே.

முதல் ரெண்டு மாசம் காசே செலவு பண்ண வேண்டாம். மைஎஸ்க்யூஎல் இலவசம். பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பும் இலவசம்தான், ஆனா விண்டோஸ்ல மட்டும் ஓடும். மேக் வச்சிருந்தா டேப்லோ பப்ளிக் போதும். ஆபீஸ் டேட்டாவை வீட்டுக்கு எடுத்துட்டு வராதே, அது பெரிய தப்பாயிடும். அரசோட திறந்த தரவுத் தளத்துலயும் காகிள்லயும் வேணுங்கறது கிடைக்கும். ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணி, கணக்கு ஏன் உதைக்குதுன்னு ராத்திரி உக்காந்து தேடும்போது உனக்கு ஆர்வம் வருதா, எரிச்சல் வருதான்னு பாரு. ஆர்வம் வந்தா அடுத்த படிக்குப் போ.

சான்றிதழ் வேணும், செலவு குறைவா இருக்கணும்னா என்.பி.டி.இ.எல். ஆன்லைன் கோர்ஸ் நல்லது. பாடம் இலவசம். தேர்வு எழுதறதுன்னா மட்டும் கட்டணம், மையத்துக்கு நேர்ல போய் எழுதணும். டிகிரியே வேணும்னா சென்னை ஐ.ஐ.டி.யோட ஆன்லைன் பி.எஸ். படிப்பு இருக்கு. 2020-ல அறிவிச்சது. ஜே.இ.இ. எழுத வேண்டாம். நாலு வாரப் பாடம் படிச்சு தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும். டிப்ளமோ மட்டத்தோட நிறுத்திக்கிட்டாலும் சான்றிதழ் உண்டு, வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனா வாராவாரம் அசைன்மென்ட் வரும். வேலை, குழந்தைன்னு இருக்கறவ ஒரு டெர்முக்கு ஒண்ணு ரெண்டு பாடத்தோட நிறுத்திக்கணும். கணக்கு, புள்ளியியல் படிச்சவளா இருந்து ரெண்டு வருஷம் முழுநேரமா படிக்க முடிஞ்சா, சிறுசேரியில இருக்கற சென்னை கணிதவியல் நிறுவனத்தோட எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் நுழைவுத் தேர்வை எழுதிப் பாரு. வேற எந்த ஆன்லைன் டிகிரியா இருந்தாலும், யு.ஜி.சி.யோட தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடற பட்டியல்ல அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் பணம் கட்டணும்.

எனக்கு ரொம்பக் கவலை இந்த விஷயத்துலதான். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டினா பாதி ஃபீஸ்"னு போன் வரும். அவசரப்படுத்தறவங்க கிட்ட படிக்காதே. 'ஈஸி இ.எம்.ஐ.'ன்னு அவங்க நீட்டற பேப்பர் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உன் பேர்ல குடுக்கற கடன். பாதியில கோர்ஸை விட்டாலும் தவணை நிக்காது, கட்டலேன்னா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். நாளைக்கு வீட்டு லோன் கேக்கும்போது அது முன்னாடி வந்து நிக்கும். ஃபீஸ்ல ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கா, எத்தனை நாளுக்குள்ள விலகினா எவ்வளவு திரும்ப வரும், இது ரெண்டையும் எழுத்துல வாங்கு. அங்க படிச்சவங்களை நீயே லிங்க்ட்இன்ல தேடிப் பேசு. கோர்ஸ் விக்கறவங்க குடுக்கற நம்பர்ல பேசினா நல்லதுதான் காதுல விழும்.

பழைய அனுபவத்தை ரெஸ்யூமேல மறைக்காதே. ஷிப்மென்ட் ஏன் தாமதமாகுதுன்னு மெர்ச்சண்டைசருக்குத் தெரியும். ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி அனலிஸ்ட் தேடும்போது, வெறும் எஸ்.க்யூ.எல். தெரிஞ்ச புதுசை விட நீதான் கைகொடுப்பே. அதனால வேலையை விடறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கற ஆபீஸ்லயே மாசாந்திர ரிப்போர்ட்டை நான் போடறேன்னு கேட்டு வாங்கு. அப்படியே ஹெச்.ஆர். கிட்டயும் விசாரி. சில கம்பெனிங்க கோர்ஸ் ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கறாங்க, ஆனா சேர்றதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும்.