சுண்ணாம்புக்கல்லின் சுபாவம்

அன்புள்ள தம்பிக்கு,

கத்திமுனையால் கீறக்கூடிய சுண்ணாம்புக்கல்லை நம்பி இலண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தை எப்படி எழுப்பினார்கள் என்று கேட்டிருந்தாய். கருங்கல் கோபுரங்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்தச் சந்தேகம் எழுவது சகஜம். எனினும் கடினம் வேறு, பாரம் தாங்கும் உறுதி வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்.

கிறிஸ்டோபர் ரென் வகுத்த திட்டப்படி 1675-இல் கட்டத் தொடங்கிய அவ்வாலயத்துக்குக் கல், டார்செட் கரையோரத்துப் போர்ட்லண்டிலிருந்து கப்பலேறி வந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில், மீன்முட்டை போன்ற நுண்ணிய உருண்டைகள் படிந்து இறுகி உண்டான கல் அது. மணிகள் சீராக இருப்பதால் உளி எத்திசையிலும் தடையின்றி ஓடும். வெட்டியெடுத்த புதிதில் உள்ளே ஈரம் தங்கியிருக்கும், அந்த ஈரம் மேற்பரப்புக்கு வந்து உலரும்போது தன்னில் கரைந்திருந்த சுண்ணாம்பை அங்கே விட்டுச் செல்வதால், நாளடைவில் கல்லின் மேல்தோல் கெட்டிப்படும். மேலிருந்து அமுக்கும் பாரத்தைத் தாராளமாகத் தாங்கும் இக்கல், வளைக்கும் விசைக்கு ஈடுகொடுக்காது. ஆகவே அகன்ற திறப்புகளுக்கு நெடிய உத்தரத்தைவிட வளைவே இதற்கு உகந்தது. பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் கிடத்த வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் அடுக்கடுக்காக உரிந்துவிடும்.

இதன் பரம சத்துரு நீர். நிலக்கரிப் புகையின் அமிலம் கலந்த மழை, நேராகப் படும் இடங்களில் கல்லை அரித்து வெளுக்கச் செய்கிறது. மழை எட்டாத மறைவிடங்களிலோ ஜிப்சமாக மாறிக் கறுத்த பொருக்குக் கட்டுகிறது. ரென் விரும்பாதபோதும் அந்தத் தேவாலயத்தின் உச்சியில் வைக்கப்பட்ட கைப்பிடிச்சுவர் (அவர் மறுத்தது நியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது) ஆராய்ச்சியாளர்களுக்கு அருமையான அளவுகோலாயிற்று. 1718 வாக்கில் அதன் கற்களிலிருந்த துளைகளை ஈயம் உருக்கி ஊற்றி மட்டமாக அடைத்திருந்தார்கள். 1980-களில் அளந்தபோது, ஈயம் அப்படியே நிற்க, சுற்றியிருந்த கல் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தேய்ந்து இறங்கியிருந்தது.

1834-இல் எரிந்துபோன பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குப் புதிய மாளிகை கட்ட, புவியியலாளர் வில்லியம் ஸ்மித் உள்ளிட்ட நிபுணர் குழு 1838-இல் குவாரி குவாரியாகச் சுற்றிக் கல் தேடியது. இறுதியில் வாங்கிய மக்னீசியச் சுண்ணாம்புக்கல்லோ சில ஆண்டுகளிலேயே உதிரலாயிற்று. நகரத்துப் புகை ஒரு காரணம். குவாரியில் நல்ல படிவையும் சொத்தைப் படிவையும் பிரித்தெடுக்கத் தக்க மேற்பார்வை இல்லாதது மற்றொன்று.

ஆகையால் கல் வாங்கப் போகும்போது, அதே குவாரியின் கல்லால் கட்டிய பழைய கட்டடம் எதையேனும் தேடிச் சென்று, மழை அடிக்கும் பக்கத்துச் சுவரை முதலில் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
உன் மாமா