பழைய மரமும் புதிய வண்ணமும்

வழக்கிழந்த சொற்கள் மறைந்து போவதற்கு நன்னூல் இசைவு தந்திருக்கிறது. அந்த இசைவு சொல்லுக்குத்தான், நாற்காலிக்கு அன்று. கால் ஆடுகிறது, வண்ணம் உரிகிறது என்று சொல்லித் தேக்கு நாற்காலியை விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறவர் நம்மிடையே பலர். ஒரு தேக்கு மரம் முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். மேற்பூச்சு கெட்டதற்காக அதைக் கழிப்பது, சட்டை கிழிந்ததற்காக ஆளையே கழிப்பது போன்றதாகும்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர் சென்று குடியேறினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை வந்தது. ஆனால் தாத்தா காலத்துக் கட்டிலும் பெட்டியும் முக்காலியும் எங்கள் லைன் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. புதியது வாங்க வசதியில்லாத வீட்டில் பழையதைப் புதுக்குவது பொழுதுபோக்கு அன்று, தேவை. அந்தத் தேவைக்கு வேதியியல் என்ன துணை செய்யும் என்பதை இங்கே காண்போம்.

முதல் வேலை அறிதல்

தூரிகையை எடுக்குமுன், மரத்தின்மேல் இப்போது இருப்பது எது என்று அறிய வேண்டும். பழைய பூச்சு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: அரக்குப் பாலிஷ், அல்லது வார்னிஷ், எனாமல் போன்ற எண்ணெய்ப் பூச்சு. கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு. அசையாமல் இருந்தால் எண்ணெய்ப் பூச்சு எனக் கொள்ளலாம்.

ஏன் இந்த வேறுபாடு? அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கிறோம். ஸ்பிரிட் ஆவியாகிப் போக, அரக்கு மட்டும் மெல்லிய தோலாக நிற்கிறது. அதில் வேதி மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே மீண்டும் ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரைகிறது. மங்கிய அரக்குப் பாலிஷைச் சுரண்ட வேண்டியதில்லை. ஸ்பிரிட் நனைத்த துணியால் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே புதிய அரக்கை ஏற்றினால் போதும். பாண்டவர்க்கு ஆகாத அரக்கு நம் நாற்காலிக்கு நன்றாகவே ஆகும். அடுப்பங்கரையில் மட்டும் இவ்வேலை கூடாது. நம் பகுதிக்கு இது புதிய பொருளும் அன்று. மைசூரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல், அரக்கை மூலப்பொருளாகக் கொண்டே ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இன்று தேர்தலில் நம் விரலில் வைக்கும் மையைச் செய்வது அதே நிறுவனந்தான்.

எண்ணெய்ப் பூச்சின் கதை வேறு. ஆளிவிதை எண்ணெய் உலர்வது ஆவியாவதால் அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்பதால். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. உலரும்போது எடை கூடுவதே இதற்குச் சான்று. பின்னிய வலை ஸ்பிரிட்டுக்கு இளகாது. இன்னொன்றும் இங்கே நினைவிற்கொள்ளத் தக்கது. ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். துணியை வெளியில் விரித்து உலர்த்துங்கள். அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

தூசியை எழுப்பாதீர்

பழைய எனாமல் பூச்சுகளில் காரீயச் சேர்மங்கள் கலந்திருப்பது உண்டு: வெள்ளைக்கு ஈய வெள்ளை, மஞ்சளுக்கு ஈயக் குரோமேட். வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை.

ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர். நெருப்புக் காட்டி உரிக்காதீர். உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சை விட்டுவிடலாம். அதன்மேலேயே புதியதைப் பூசலாம். உரியும் இடங்களை மட்டும், நீர்விட்டுத் தேய்க்கும் தாளால், ஈரம் காயாமல் தேய்த்து ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வேலை வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் வேண்டா. கைக்குட்டை போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாறைத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 1947-இல், கோலார் தங்கச் சுரங்கங்களில்தான். தூசி என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர் புத்தகத்தில் படிக்கவில்லை, இருமலில் கேட்டது. அன்று சுவாசித்தவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு ஒரு வாளி நீர் இருக்கிறது.

ஒளி புகும் பூச்சு

இனி அழகு. பிரைமரும் அதன்மேல் எனாமல் இரு கையும் உலர்ந்தபின் கிளேஸ் பூசலாம். கிளேஸ் என்பது நிறம் குறைவாகவும் ஒளி புகுவதாகவும் உள்ள மேற்பூச்சு. வார்னிஷில் சிறிது டர்பன்டைனும், அம்பர் எனப்படும் பழுப்பு மண்நிறம் ஒரு சிட்டிகையும் கலந்தால் அது ஆயத்தம். பூசிய உடனே துணியால் துடைக்க வேண்டும். மேடான பகுதியில் நிறம் விலகும். செதுக்கலின் பள்ளங்களில் தங்கும். அதனால் மறைந்திருந்த வேலைப்பாடு எழுந்து நிற்கும்.

ஒரே எண்ணெயில் ஒரு நிறம் மறைக்கிறது, மற்றொன்று மறைப்பதில்லை. காரணம் ஒளிவிலகல் எண். எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 1.5, டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7. வேறுபாடு மிகுதியாதலால் ஒளி சிதறித் திரும்புகிறது, அடியிலுள்ளது மறைகிறது. சுண்ணக்கட்டிக்கு 1.6 தான். உலர்ந்தபோது வெள்ளை வெளேரென்றிருக்கும் அந்தப் பொடி, எண்ணெயில் குழைத்ததும் வெண்மை இழப்பதைப் பாருங்கள். கிளேஸில் நிறப்பொடி மிகக் குறைவு; ஆதலால் ஒளி ஊடுருவி அடிப்பூச்சைத் தொட்டு மீள்கிறது. நாம் காண்பது இரு நிறங்களின் கூட்டு. ஆழம் தோன்றுவது அதனால்தான்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டிலுள்ள பழைய மரச்சாமான் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சொட்டு ஸ்பிரிட்டில் தொடங்குங்கள். நாம் கற்கும் அறிவியல் ஆய்வுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடாமல், நம் பெற்றோர் அமரும் நாற்காலி வரை சென்று சேரட்டும்.