வடை சுட்ட எண்ணெய் மிச்சமா?

பண்டிகை முடிந்ததும் வாணலியில் கால் லிட்டர் நிற்கும். கொட்ட மனசு வராது.

1. ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் கருகல் தூள் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும்.

2. மறுபடி பொரிக்க வேண்டாம். தாளிப்புக்கு வைத்து, இரண்டே நாளில் தீர்த்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு சேரும். அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதை இறக்கும். இரண்டு பக்கமும் இடி.

3. நுரைத்தாலோ, கறுத்தாலோ, காறல் வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். சிங்க்கில் அல்ல, குழாய் அடைக்கும். பழைய செய்தித்தாளில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

4. அடுத்த முறை குழிவான சின்ன வாணலி. எண்ணெய் குறைவாகப் பிடிக்கும்.

5. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற பாக்கெட் வாசகத்தை நம்பித் தாராளமாக ஊற்றாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.