ஓமத் தண்ணீர் வேறு, ஓம எண்ணெய் வேறு

உரும்பிராயில் ஒரு வீட்டு விறாந்தை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் இளம் தாய், வயிறு பொருமி அழும் குழந்தைக்குக் கடையில் வாங்கிய ஓம எண்ணெயைக் கரண்டியில் ஊற்றப் போகிறார். பக்கத்து வீட்டு ஆச்சி கண்டுவிட்டார்.

"பிள்ளை, உதைக் குடுக்காதை!"

"நீங்க ஓமத் தண்ணி குடுப்பீங்கதானே ஆச்சி? இது அதைவிட ஸ்ட்ராங்கு, சீக்கிரம் கேக்கும்."

"அதாலைதான் சொல்லுறன். போத்திலை மூடு."

ஆச்சி சொன்னது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓம விதையில் எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 4 பங்குதான். நீராவியில் வடித்தால் 100 கிராம் ஓமத்திலிருந்து 2 முதல் 4 கிராம் எண்ணெய் கிடைக்கும். அப்படியானால் ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்குள் 100 கிராமுக்கு மேற்பட்ட ஓமத்தின் காரம் இருக்கிறது. வீட்டில் நாம் அவிப்பதோ ஒரு சிட்டிகை!

அந்த எண்ணெயின் முக்கிய சரக்கு தைமோல். இது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் கொக்கிப்புழுவுக்குப் பேர்போன மருந்துகளில் ஒன்று தைமோல். அதை உண்ட நாளில் எண்ணெய்ப் பண்டமும் சாராயமும் தொடக்கூடாது. ஏனென்றால் அவற்றில் தைமோல் கரைந்து இரத்தத்தில் ஏறிவிடும். அதோடு புழக்கத்திலிருந்த கெனோபோடியம் என்ற பூண்டு எண்ணெயும் புழுவைக் கொன்றது. ஆனால் அளவு சற்றுக் கூடியதால் உயிரிழந்தவர்களும் உண்டு. பின்னர் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் இரண்டும் ஒதுக்கப்பட்டன.

ஆகவேதான் ஓர் எண்ணெயைச் சோதிப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். பலன் உண்டா? எவ்வளவு வரை ஆபத்தில்லை? முதலில் எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். பிறகு விலங்குகளுக்குக் கொடுத்து அளவு காண்பார்கள். கடைசியில் நோயாளிகளில் ஒரு சாராருக்கு எண்ணெய், மறு சாராருக்கு வெறும் குளிசை. யாருக்கு எது என்று முடியும்வரை தெரியாது. புதினா வகை எண்ணெயை நெதர்லாந்தில் 190 பேரிடம் இப்படிச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். வயிற்றுவலி ஓரளவு குறைந்தது. ஆனாலும் முக்கிய அளவுகோலில் வெறும் குளிசையைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. யூக்கலிப்டஸ் தைலம், ஓம எண்ணெய் போன்றவற்றைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். சில மில்லி லீட்டரே வலிப்பு உண்டாக்கலாம்.

2. போத்தலைப் பூட்டி வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

3. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990க்கு அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்றைக்கே உங்கள் லயத்து அறையில் தைலப் போத்தல் எங்கே இருக்கிறது, பிள்ளையின் கைக்கு எட்டுமா என்று ஒருமுறை பாருங்கள்.