வேலை கேட்கும் முன் பழகுங்கள்

படிப்பு முடிகிற நேரத்தில் லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கும் பிள்ளைகள், "யாருக்கு மெசேஜ் போட்டால் வேலை கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோவையில் ஃபவுண்டரிக்கும் பம்ப் கம்பெனிக்கும் பல வருடம் ஆள் எடுத்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. பெயருக்குக் கீழே வரும் வரியில் "ஃப்ரெஷர், கடின உழைப்பாளி" என்று போடாதீர்கள். ஆள் தேடுகிறவர் தொழிலையும் ஊரையும் போட்டுத்தான் தேடுகிறார். "மெக்கானிக்கல் டிப்ளமோ, சாலிட்வொர்க்ஸ், ஜிக் – ஃபிக்ஸ்ச்சர் டிசைன், கோவை" என்றிருந்தால் அவர் கண்ணில் படுவீர்கள்.

2. முதல் செய்தியிலேயே வேலை கேட்காதீர்கள். "ஹாய் சார், எனி வேகன்சி?" என்று வந்தால் அவர் என்ன பதில் எழுதுவார்? நீங்கள் யார், என்ன தெரியும் என்று அதில் ஒன்றுமே இல்லையே. ஃபவுண்டரியில் இருப்பவருக்கு, வார்ப்பில் விழும் வாயுத் துளையான ப்ளோ ஹோல் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம் சார். ப்ளோ ஹோல் பற்றி நீங்கள் போட்ட பதிவைப் படித்தேன். எங்கள் கல்லூரிப் பட்டறையில் அலுமினியம் ஊற்றும்போதும் வந்தது. மணலில் ஈரத்தைக் குறைத்தோம். ஓரளவு குறைந்தது, முழுதாகப் போகவில்லை. வென்ட் எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்?" மோல்டு கட்டிப் பார்த்த ஆள் எழுதியது என்று படித்ததும் தெரிந்துவிடும். தொழில் தெரிந்தவருக்குப் பதில் சொல்லத்தான் தோன்றும். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று மறுபடியும் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது செய்தியை எழுதுவதே இல்லை. நான் ஆட்களை நினைவில் வைத்துக்கொண்டது அதை வைத்துத்தான். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

3. தூரத்துப் பழக்கங்களை விட்டுவிடாதீர்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. அதிலும் ஏறக்குறைய இதே முடிவுதான். காரணம் எளிது. உங்கள் கூட்டாளிக்குத் தெரிந்த கம்பெனிகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். ட்ரெயினிங் போன இடத்துச் சூப்பர்வைசர், இரண்டு செட் முன்னால் படித்த சீனியர், கொடிசியா கண்காட்சியில் மெஷினை விளக்கிய சேல்ஸ் இன்ஜினியர் ஆகியோர் வேறு வட்டத்து ஆட்கள். பார்த்த அன்று மாலையே, எங்கே சந்தித்தோம் என்று ஒரு வரி சேர்த்து அழைப்பு அனுப்புங்கள்.

4. செய்த வேலையைப் பதிவு போடுங்கள். ஆனால் ட்ராயிங், கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. மேலதிகாரியைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

5. சின்னப் பட்டறை முதலாளிகள் பலர் லிங்க்ட்இன் பக்கமே வருவதில்லை. அவர்களுக்கு வாட்ஸ்அப்தான். குரூப்பில் காலை வணக்கப் படங்கள் அனுப்பாதீர்கள். ரெஸ்யூமேயை உங்கள் பெயரும் தொழிலும் தெரிகிற மாதிரி பெயரிட்டு, பிடிஎஃப்பாக அனுப்புங்கள். "ஃபைனல் நியூ 2" என்று வந்த ஃபைலைப் பிறகு எப்படித் தேடி எடுப்பது?

6. வேலைக்குப் பணம் கட்டச் சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். 2022-இல் சமூக ஊடக விளம்பரத்தில் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள், மியான்மரின் மியாவடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிக்கொண்டார்கள். படித்த பிள்ளைகள்தான். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.