தையல் மெஷினும் விளையாட்டு மைதானமும்: வீட்டில் விட்டுக்கொடுப்பது யார்?



நம் குழுக்களில் பல சகோதரிகள் ஒட்டுத்துணி போர்வை தைக்கிறார்கள். கரூர், திருப்பூர் கம்பெனிகளில் மிச்சமாகும் கட்டிங் வேஸ்ட் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு ஷீட் வைத்துத் தைக்கிறோம். வியாபாரிகள் இதை 'குயில்ட்' என்பார்கள். நம் பாட்டிமார் பழைய சேலையை நாலாக மடித்துத் தைத்த விரிப்பின் பேத்திதான் இது. அன்று அது வீட்டுக்கு மட்டும். இன்று அதற்கு விலை இருக்கிறது.

வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்த வேலையை எடுக்கிறோம். ஆனால் வீட்டில் செய்வதாலேயே இதை யாரும் வேலையாக நினைப்பதில்லை. "சும்மாதானே உட்கார்ந்து தைக்கிறே" என்பார்கள். நாமும் நேரத்தைக் கணக்கு வைப்பதில்லை.

ஆர்டர் அவசரமாக வந்தால் என்ன நடக்கிறது? சமையல் நிற்காது. மாட்டுக்குத் தண்ணி காட்டுவது நிற்காது. பையன் கிரிக்கெட் ஆடப் போவதும் நிற்காது. சாயங்காலம் கபடி பயிற்சிக்குக் கிளம்பிய பெண் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். "இன்னிக்கு ஒரு நாள் போகாதே கண்ணு. பாத்திரத்தை விளக்கிட்டு தம்பியைப் பார்த்துக்கோ." அந்த ஒரு நாள் மூன்று நாளாகிறது. பிறகு டீமில் அவள் பெயர் இருப்பதில்லை. நாம் சமாளித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பிள்ளைதான் நமக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

இது எந்தத் தாயும் வேண்டுமென்று செய்வதல்ல. கணக்கு தெரியாமல் ஆர்டர் எடுப்பதால் நடப்பது. எனவே இந்த மாதப் பாடத்தில் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

1. ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம்?

எடுத்துக்காட்டாக, 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம் உள்ள ஒற்றைக் கட்டில் போர்வையை எடுத்துக்கொள்வோம். 6 அங்குலச் சதுரங்களாக இணைத்தால் அகலத்தில் 10, நீளத்தில் 14. ஆக 140 துண்டு. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஓரளவு கை பழகிய ஒருவருக்கு ஆகும் நேரத்தை இப்படி வைத்துக்கொள்வோம்:

- துணி பிரிப்பது, அலசுவது, இஸ்திரி போடுவது: 3 மணி
- வெட்டுவது: 3 மணி
- துண்டுகளை இணைப்பது: 7 மணி
- அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் விரித்து நகராமல் பெரிய தையல் போடுவது: ஒன்றரை மணி
- மேலே மெஷின் தையல்: 4 மணி
- ஓரப்பட்டி, பிசிறு வெட்டுவது, மடிப்பது: ஒன்றரை மணி

மொத்தம் 20 மணி நேரம். கேட்டால் பெரும்பாலும் மெஷினில் உட்காரும் 11, 12 மணியை மட்டும்தான் சொல்வோம். பாதி வேலை கணக்கிலேயே வராது.

பீஸ் ரேட் 400 ரூபாய் என்று வையுங்கள். நூல், ஊசி, கரண்டுக்கு 30 ரூபாய் கழித்தால் கையில் 370. அதை 20 மணிக்கு வகுத்தால் மணிக்கு 18 ரூபாய் 50 காசு. 2025-26க்கு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். 8 மணி நேர வேலை என்று வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். உங்கள் ஊர் ரேட் வேறாக இருக்கலாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. நாலைந்து துணியை அடுக்கி ஒரே தடவையில் வெட்டலாம். துண்டுகளை நூல் அறுக்காமல் சங்கிலி மாதிரி தொடர்ந்து தைத்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம். பனியன் துணியையும் சாதாரண காட்டன் துணியையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். பனியன் துணி இழுபடும், பிரித்துத் தைக்கவே ஒரு நாள் போய்விடும். சாயம் போகும் துணியை முதலிலேயே அலசிப் பாருங்கள். இப்படி 20 மணி 15 ஆகக் குறைந்தாலும் மணிக்கு ஏறக்குறைய 25 ரூபாய்தான் வரும். ஆகவே கை வேகம் மட்டும் போதாது. ரேட்டும் கேட்க வேண்டும்.

2. வாரத்துக்கு நம்மிடம் இருப்பது எவ்வளவு?

காலை பத்தரை முதல் ஒரு மணி வரை, மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஒரு தாய்க்கு மெஷினுக்குக் கிடைப்பது நாளுக்கு 4 மணி நேரம். ஐந்து நாளுக்கு 20 மணி. அதாவது வாரத்துக்கு ஒரு போர்வை.

வியாபாரி போன் செய்து, "அடுத்த திங்கட்கிழமை மூணு போர்வை வேணும்மா" என்கிறார். விட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் சரி என்கிறோம். மூன்று போர்வைக்கு 60 மணி. இருப்பது 20. மீதி 40 மணி எங்கிருந்து வரும்? தினமும் ஏறக்குறைய 6 மணி நேரம் கூடுதலாக வேண்டும். பாதி நம் தூக்கத்திலிருந்து, பாதி மகளின் சாயங்காலத்திலிருந்து. வேறு இடமே இல்லை.

ஆகவே ஆர்டர் சொல்லும்போதே "சரி" என்று சொல்லாதீர்கள். "சாயங்காலம் சொல்றேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மகளின் பயிற்சி நேரத்தை அந்தக் கணக்கில் தொடக்கூடாது.

3. ஆர்டரைப் பங்கு போடுவோம்

12 போர்வை ஆர்டர் ஒருவருக்கு 12 வாரம். நாலு பேர் சேர்ந்தால் 3 வாரம். காய்ச்சல், திருவிழா, பிள்ளையின் மேட்ச் என்று ஏதாவது வரும். எனவே வியாபாரியிடம் 4 வாரம் கேளுங்கள். சொன்ன தேதிக்கு முன்னால் கொடுத்தால் நல்ல பெயர், தாண்டினால் அடுத்த ஆர்டர் சந்தேகம்.

சேர்ந்து செய்யும்போது அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே அட்டை அளவை நாலு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதில் கை சுத்தமானவர் எல்லோருக்கும் வெட்டட்டும். ஓரப்பட்டி நன்றாக வருபவர் அதைப் பார்க்கட்டும். யார் எத்தனை மணி செய்தார் என்று எழுதி வைத்தால் பணம் பிரிக்கும்போது மனக்கசப்பு வராது.

ரேட் கேட்பதும் கூட்டமாகத்தான் முடியும். குஜராத்தில் அகமதாபாத் தரியாபூர் பகுதியில், மில்லில் மிஞ்சிய துண்டுத் துணியில் மெத்தை உறை தைத்த பெண்கள் நம்மைப்போலவே வீட்டிலிருந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்தவர்கள். எலா பட் 1972ல் தொடங்கிய சேவா சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் பயந்து திரும்பவில்லை. தாங்களே துணி வாங்கித் தைத்து விற்க 'சபீனா' என்ற கூட்டுறவை அமைத்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996ல் தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் சேவா பெண்களின் உழைப்பும் இருக்கிறது.

நாமும் மாதத்தில் சில போர்வைகளையாவது வியாபாரி இல்லாமல் நேரடியாக விற்றுப் பார்க்கலாம். மகளிர் குழு கண்காட்சி, மதி அங்காடி பற்றிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

4. வீட்டு வேலைக்கும் ஒரு பட்டியல்

"எங்க வீட்டுக்காரர் ஒரு டம்ளரைக் கூட நகர்த்த மாட்டார்" என்று பல அக்காமார் சொல்கிறார்கள். சண்டை போட்டுக் கேட்டால் நடக்காது. நோட்டைக் காட்டிக் கேளுங்கள். "இந்த மாசம் தையல்ல வந்தது இவ்வளவு. இதுக்கு நான் உட்கார்ந்தது இத்தனை மணி. சாயங்காலம் தண்ணி பிடிக்கிறதை மட்டும் நீங்க பார்த்துக்கிட்டா, பாப்பா கிரவுண்டுக்குப் போவா" என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு வேலையை, இன்ன நேரம் என்று கேட்டால் மறுப்பது கஷ்டம்.

மாமியாரிடமும் அப்படியே. துணியை நிறவாரியாகப் பிரிப்பது, நூல் பிசிறு எடுப்பது உட்கார்ந்து செய்யும் வேலை. "அத்தை, உங்க கண்ணுக்குத்தான் கலர் சேர்க்கத் தெரியும்" என்றால் சந்தோஷமாகச் செய்வார்கள். அதற்கும் ஒரு தொகை கொடுங்கள்.

பையனுக்கும் வேலை உண்டு. தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, வீடு கூட்டுவது, கடைக்குப் போவது. அக்கா விளையாடப் போகும் நாளில் தம்பி பாத்திரம் விளக்கினால் அவன் கை தேய்ந்துவிடாது.

5. மைதானத்துக்கு அனுப்பும்போது

"வயசுக்கு வந்த பொண்ணு, எதுக்கு அரை டிராயர் போட்டுக்கிட்டு ஓடணும்?" என்ற பேச்சு எல்லா ஊரிலும் வரும். மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள்தான் அவரையும் தங்கையையும் வளர்த்தார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று மற்றவர்கள் சொன்னபோது பாட்டி கேட்கவில்லை, படிக்க வைத்தார். விளையாட்டு என்றதும் அவருக்கும் தயக்கம் இருந்தது. பயிற்சியாளர் கண்ணன் பேசிப் புரியவைத்த பிறகு சம்மதித்தார். காலில் ஷூ இல்லாமல் ஓடத் தொடங்கிய ரேவதி, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது.

எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக் போக மாட்டார்கள். பதக்கம் வந்தால்தான் லாபம் என்று கணக்குப் போட வேண்டாம். ஊருக்கு நடுவில் தைரியமாக நின்று மூச்சுப் பிடித்துப் பாடி வரும் பெண்ணுக்கு, நாளைக்கு எந்த அலுவலகத்திலும் நின்று பேசத் தெரியும். அந்த லாபம் எல்லோருக்கும் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

- பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு வேர்க்கடலை, சுண்டல், முட்டை, வாழைப்பழம் போதும். விலை உயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை.
- மாதவிடாய் நாளில் உடம்பு முடிந்தால் விளையாடலாம். சோர்வாக இருந்தால் ஓய்வு எடுக்கட்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள்.
- பி.டி. டீச்சர் யார், பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், வெளியூர் மேட்ச் என்றால் கூடப் போகும் பெண் ஆசிரியர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஏதாவது சங்கடமாகச் சொன்னால் விளையாட்டை நிறுத்துவதற்கு முன் அவள் சொல்வதை நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.
- குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எந்தப் போட்டிச் சான்றிதழும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கட்டும்.
- தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி கிடைக்கும். 7, 8, 9, 11ஆம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கோடை மாதங்களில் தேர்வு நடக்கும். விவரம் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.
- ஒவ்வொரு போர்வைக்கும் 50 ரூபாய் தனி டப்பாவில் போடுங்கள். 40 போர்வைக்கு 2,000 ரூபாய். ஷூவுக்கும் பஸ் காசுக்கும் கடன் வாங்க வேண்டியிருக்காது.

தினமும் எல்லாத் தாயும் கிரவுண்டுக்குப் போய் நிற்க முடியாது. ஒரே தெருவில் ஐந்து பிள்ளைகள் போகிறார்கள் என்றால், ஐந்து தாய்மார் ஆளுக்கு ஒரு நாள் கூட்டி வரலாம். மற்ற நான்கு நாளும் கவலையில்லாமல் மெஷினில் உட்காரலாம். குழு என்பது சேமிப்புக்கும் கடனுக்கும் மட்டும்தானா?

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. கடைசியாக எடுத்த அவசர ஆர்டரில் உங்கள் வீட்டில் யாருடைய நேரம் போனது? மகளுடையதா, மகனுடையதா, உங்கள் தூக்கமா?
2. ஒரு போர்வைக்கு உங்களுக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது?
3. இந்த ரேட்டுக்குக் கீழே தைப்பதில்லை என்று நம் குழு ஒரு தொகையை முடிவு செய்ய முடியுமா?
4. பிள்ளைகளைக் கூட்டி வர முறை போட யார் யார் தயார்?

வீட்டு வேலை

அடுத்த கூட்டம் வரை ஒரு நோட்டில் தினமும் மூன்றே மூன்று வரி எழுதுங்கள். இன்று தைத்தது எத்தனை மணி, பிள்ளை பயிற்சிக்குப் போனாளா, போகவில்லை என்றால் ஏன். எழுதத் தெரியாதவர்கள் மகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் உழைப்பு எத்தனை மணி என்று அவளுக்கும் தெரியட்டும். அந்த நோட்டோடு கூட்டத்துக்கு வாருங்கள். எடுக்கும் முடிவைத் தீர்மான நோட்டில் ஏற்றி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.